ஜான் எவர்செட்

ஜான் எவர்செட் (பிப்ரவரி 26, 1864 – நவம்பர் 17, 1956) இங்கிலாந்தைச் சேர்ந்த வானியலாளர் ஆவார். 1907 முதல் 1923 வரை பழனி மலையில் அமைந்துள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் பணியாற்றினார். 1911 முதல் அதன் இயக்குநராக இருந்தார். சூரியப் புள்ளிகளின் புறநிழல் பகுதியில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிப்புறமாகக் கிடையாகப் பாய்கின்றன என்பதை 1909 ஆம் ஆண்டு கொடைக்கானலில் கண்டறிந்தார். இது எவர்செட் விளைவு என அழைக்கப்படுகிறது.

வானியலாளராகவே இவர் அறியப்பட்டாலும், இவரது வாழ்நாளின் பெரும்பகுதி அளவீடுகளைத் திரட்டுவதிலும் வகை பிரிப்பதிலும் ஒப்பிடுவதிலும் கழிந்தது. தரவு வகைகள், சராசரி, மாதிரி, பிழை ஆகிய புள்ளியியலின் அடிப்படைக் கருத்துகள் ஓர் அறிவியலாளரின் கையில் எவ்வாறு பயன்பட்டன, எங்கே அவரைத் தடுமாற வைத்தன என்பதற்கு இவரது பணி ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும்.

இளமைக்காலம்

எவர்செட் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் உள்ள கோம்சால் என்னும் ஊரில் பிறந்தார். இவரது அண்ணன் சிட்னி எவர்செட் மின் அளவீட்டுக் கருவிகளை உருவாக்கியவர். ஜான் எவர்செட் இலண்டனில் வேதியியல் பகுப்பாய்வாளராக வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் வானியலில் ஈடுபட்டார். 1890 இல் பிரித்தானிய வானியல் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவரானார். அதே ஆண்டில் கென்லி என்னுமிடத்தில் தமக்கென ஓர் ஆய்வகம் அமைத்துச் சூரியத் தீநாக்குகளைக் குறித்து வைக்கத் தொடங்கினார். தீநாக்குகள் என்பவை சூரிய விளிம்பிலிருந்து சுடர் போல எழுந்து நிற்கும் வாயுத் திரள்கள் ஆகும். அன்று தொடங்கிய இக்குறிப்புகள் கால் நூற்றாண்டு தொடர்ந்தன.

1894 இல் காலமான வானியலாளர் ரான்யார்டு தமது 18 அங்குலத் தொலைநோக்கியை எவர்செட்டுக்கு விட்டுச் சென்றார். 1896 ஆம் ஆண்டு முழுச் சூரிய கிரகணத்தைக் காண எவர்செட் நோர்வே சென்றார். மேகம் சூழ்ந்ததால் கிரகணம் தெரியவில்லை. ஆனால் தமது வருங்கால மனைவி மேரி அக்வொர்த் ஓர் என்பவரை அப்பயணத்தில்தான் சந்தித்தார். அவரும் வானியலில் தேர்ச்சி உடையவர். 1898 ஜனவரி 22 அன்று நிகழ்ந்த கிரகணத்திற்காக எவர்செட் முதன்முறையாக இந்தியா வந்து, இன்றைய மகாராட்டிரத்தில் உள்ள தால்னி என்னுமிடத்தில் சூரிய நிறமாலையைப் படம் பிடித்தார். 1906 இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. கொடைக்கானலில் உதவி இயக்குநர் பதவி கிடைத்ததும் வேலையை விட்டு, அமெரிக்கா, ஜப்பான் வழியாகப் பயணம் செய்து 1907 ஜனவரியில் இருவரும் கொடைக்கானல் வந்து சேர்ந்தனர்.

கொடைக்கானல் ஆய்வகமும் மழைக் கேள்வியும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2340 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வாய்வகம் தோன்றியதற்கு ஒரு துயரமான பின்னணி உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்திற்குப் பின், பருவமழை பொய்ப்பதை முன்கூட்டியே அறிய இயலுமா என்ற கேள்வி எழுந்தது. சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைவது அப்போது தெரிந்திருந்தது. அதற்கும் மழைக்கும் தொடர்பிருக்கலாம் எனப் பலர் நம்பினர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மிக்கி ஸ்மித் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1895 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1899 இல் சென்னை வானாய்வகத்தின் பணிகள் மலைக்கு மாற்றப்பட்டன. 1901 இல் சூரியனைப் பற்றிய முறையான பதிவுகள் தொடங்கின.

மழைக் கேள்வி ஒரு புள்ளியியல் கேள்வியாகும். இரண்டு மாறிகள் சேர்ந்து கூடுகின்றனவா, எதிரெதிராக நகர்கின்றனவா, ஒன்றுக்கொன்று தொடர்பின்றி இருக்கின்றனவா என்பதை அளப்பது ஒட்டுறவுக் கெழு ஆகும். அதன் மதிப்பு -1 முதல் +1 வரை அமையும். இங்கே இருந்த இடர்ப்பாடு மாதிரியின் அளவு. இருபத்திரண்டு ஆண்டு மழைக்கணக்கு கையில் இருந்தாலும் அதில் அடங்குவது இரண்டே சூரியச் சுழற்சிகள்தாம். இரண்டு சுழற்சிகளில் பொருந்தி வருவது தற்செயலாகவும் நிகழலாம். 1904 முதல் 1924 வரை இந்திய ஆய்வகங்களின் தலைமை இயக்குநராக இருந்து, கொடைக்கானலையும் தம் நிர்வாகத்தின் கீழ் கொண்டிருந்த கில்பர்ட் வாக்கர், நீண்டகாலப் பதிவுகளைக் கொண்டு இத்தொடர்பைக் கணக்கிட்டார். மழையை முன்னறிவிக்கப் போதுமான வலுவான தொடர்பு கிடைக்கவில்லை. ஆய்வகம் எந்த நோக்கத்துக்காகக் கட்டப்பட்டதோ அது நிறைவேறவில்லை என்றே கூறவேண்டும். எனினும் அந்நோக்கத்துக்காகத் தொடங்கிய அன்றாடப் பதிவு நிற்கவில்லை.

அன்றாடப் பதிவும் தரவு வகைகளும்

எவர்செட் வந்தபோது, கேம்பிரிட்ஜிலிருந்து வாங்கப்பட்ட ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் கருவி ஆய்வகத்தில் இருந்தது. சூரிய ஒளியில் ஒரே ஒரு நிறத்தை மட்டும் பிரித்தெடுத்து முழுச் சூரியனையும் படம் பிடிக்கும் கருவி இது. எவர்செட் அதனைச் சீர்செய்து கால்சியம் ஒளியில் நாள்தோறும் படமெடுக்கச் செய்தார். பின்னர் ஐதரசன் ஒளியில் படமெடுக்க இரண்டாவது கருவி ஒன்றை ஆய்வகத்திலேயே உருவாக்கினார். இந்திய உதவியாளர்கள் காலை நேரத்தில், வெயிலேறிக் காற்று கலங்குவதற்கு முன், படங்களை எடுத்து அளந்து பதிந்தனர்.

ஒரு தீநாக்கைப் பற்றி என்னென்ன பதியப்படுகின்றன என்று பார்த்தால் தரவு வகைகள் எளிதில் விளங்கும். அது வடக்கு அரைக்கோளத்தில் உள்ளதா தெற்கிலா, கிழக்கு விளிம்பிலா மேற்கிலா என்பது பெயரளவுத் தரவு. இதனை எண்ணலாம், சதவீதம் காணலாம். கூட்டிச் சராசரி காண இயலாது. அதன் வடிவ வகையும் அத்தகையதே. மேரி எவர்செட் 1913 இல் சூரியப் புள்ளிகளோடு சேர்ந்து தோன்றும் தீநாக்குகளின் வகைகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஆய்வகத்தில் அவருக்குப் பதவி எதுவும் இல்லை என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. மங்கலானது, நடுத்தரமானது, ஒளிமிக்கது எனக் கண்ணால் மதிப்பிட்டு எழுதினால் அது வரிசைத் தரவு ஆகும். முன்னது பின்னதை விடக் குறைவு என்று கூறலாம். எவ்வளவு குறைவு என்று கூற இயலாது. படம் எடுத்த நாளும் நேரமும் இடைவெளித் தரவு. இரண்டு நாட்களுக்கு இடையிலான இடைவெளிக்குப் பொருள் உண்டு, ஆனால் ஒரு தேதி மற்றொன்றைப் போல இருமடங்கு என்பதற்குப் பொருள் இல்லை. உயரமும் பரப்பும் விகிதத் தரவு. 80 விகலை உயரம் 40 விகலையைப் போல இருமடங்கு. பெயரளவு, வரிசை, இடைவெளி, விகிதம் என்ற இந்நான்கு பிரிவுகளையும் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன்ஸ் 1946 இல்தான் வகுத்தார். எவர்செட் காலத்தில் இப்பெயர்கள் வழக்கில் இல்லை. ஆயினும் பதிவேட்டில் அவை வெவ்வேறு விதமாகவே கையாளப்பட்டன.

எண்ணிக்கை என்பது முழு எண்ணாக மட்டுமே வரும். ஒரு நாளில் ஏழரைத் தீநாக்குகள் இருக்க முடியாது. இது தனித்த தரவு. உயரம் எந்த மதிப்பையும் பெறலாம் என்பதால் தொடர்ச்சியான தரவு. விளிம்பில் தீநாக்கு நிற்கும் இடம் வட புள்ளியிலிருந்து 0 முதல் 360 பாகை வரை அளக்கப்படுகிறது. இங்கே கவனம் தேவை. 350 பாகையிலும் 10 பாகையிலும் நிற்கும் இரண்டு தீநாக்குகளின் சராசரி இடம் 180 அன்று. கணக்கு அப்படிக் கூறினாலும், அது சூரியனின் எதிர்ப்புறம். உண்மையான நடுவிடம் 0 பாகை. இத்தகைய தரவுக்கு வட்டத் தரவு என்று பெயர்.

சராசரியைப் பயன்படுத்துவதிலும் எச்சரிக்கை வேண்டும். ஒரு நாளில் காணப்பட்ட ஐந்து தீநாக்குகளின் உயரம் 30, 35, 35, 40, 160 விகலை எனக் கற்பனையாகக் கொள்வோம். கூட்டுச் சராசரி 60 விகலை. ஆனால் ஐந்தில் நான்கு அதைவிடத் தாழ்ந்தவை. வரிசையில் நடுவில் நிற்கும் மதிப்பாகிய இடைநிலை 35 விகலை. பெரும்பாலானவை தாழ்ந்தும் ஒரு சில மிக உயர்ந்தும் இருக்கும் தொகுதியில் இடைநிலையே வழக்கமான நிலையைக் காட்டும்.

பழனி மலையின் வானிலை மற்றொரு பாடத்தைக் கற்பித்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பல நாட்கள் சூரியனே தெரியாது. தீநாக்கு எதுவும் இல்லாத நாளுக்கு 0 என எழுதலாம். மேகம் மூடிய நாளுக்கு 0 என எழுதினால் அது பொய்யான தரவாகிவிடும். எனவே ஆய்வகத்தின் அறிக்கைகளில் மொத்த எண்ணிக்கை பார்வை கிடைத்த நாட்களின் எண்ணிக்கையால் வகுக்கப்பட்டு, நாளொன்றுக்கான சராசரியாகத் தரப்பட்டது.

எவர்செட் விளைவு

1908 இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் ஜார்ஜ் எல்லரி ஹேல் சூரியப் புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதைக் கண்டறிந்தார். புள்ளிகள் சுழற்காற்றுகளாக இருக்கலாம் என்ற கருத்து அப்போது வலுவாக நிலவியது. எவர்செட் அச்சுழற்சியைத் தேடினார். கனமழைக்குப் பின் வானம் மிகத் தெளிவாக இருந்த 1909 ஜனவரி 5 அன்று இரண்டு பெரிய புள்ளிகளின் நிறமாலைகளைப் படம் பிடித்தார்.

நம்மிடமிருந்து விலகிச் செல்லும் வாயுவின் நிறமாலைக் கோடுகள் சிவப்புப் பக்கமும், நம்மை நோக்கி வரும் வாயுவின் கோடுகள் ஊதாப் பக்கமும் சற்றே நகரும். புள்ளி சுழல்வதாக இருந்தால், கருவியின் பிளவைச் சூரிய மையத்தை நோக்கிய திசைக்குக் குறுக்காக வைக்கும்போது நகர்வு தெரிய வேண்டும். எவர்செட் கண்டதோ இதற்கு நேர்மாறானது. பிளவு சூரிய மையத்தை நோக்கிய திசையில் இருக்கும்போதே நகர்வு தெரிந்தது. விளிம்புப் பக்கம் சிவப்பாகவும் மையப் பக்கம் ஊதாவாகவும் இருந்தது. குறுக்காக வைத்தபோது நகர்வு மறைந்தது. மேலும் சூரிய வட்டின் நடுவில் உள்ள புள்ளிகளில் நகர்வு தெரியவில்லை, விளிம்பை நெருங்கும்போது கூடியது. கிடைமட்டமாக வெளிநோக்கிப் பாயும் ஓட்டத்துக்கு மட்டுமே இவை யாவும் பொருந்தும். இதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர். 1909 இல் கொடைக்கானல் ஆய்வக அறிக்கையில் இது வெளியானது.

இக்கண்டுபிடிப்பில் முதலில் பேசியது நகர்வின் அளவன்று, அதன் குறியே. நகர்வு தற்செயலாக அமைந்திருந்தால் விளிம்புப் பக்கம் சிவப்பாகவோ ஊதாவாகவோ இருக்க சம வாய்ப்பு உண்டு. பத்துப் புள்ளிகளைச் சோதித்துப் பத்திலும் சிவப்பே வருவதற்கான நிகழ்தகவு 1024 இல் ஒன்று. அளவீடு சற்று முரட்டுத்தனமாக இருந்தாலும் குறி மாறாமல் வருமானால் அத்தரவு வலுவானது. 1913 இல் மவுண்ட் வில்சனில் சார்லஸ் செயின்ட் ஜான் 500க்கும் மேற்பட்ட கோடுகளை அளந்து இதனை உறுதி செய்தார். உயர்ந்த அடுக்குகளில் வாயு உள்நோக்கிப் பாய்வதும் தெரியவந்தது.

இதே காலத்தில் எவர்செட் மிகச் சிறிய நகர்வுகளை அளப்பதற்கு ஒரு முறையை உருவாக்கினார். ஒரு நிறமாலைத் தட்டின் மேல் அதன் நேர்ப்படத்தைத் திருப்பி வைத்து, இரண்டின் கோடுகளும் ஒன்றையொன்று மறைக்கும் வரை நகர்த்துவதே அம்முறை. கோட்டின் நடு எது எனக் கண்ணால் ஊகிக்க வேண்டிய தேவை இதனால் நீங்கியது. 1915 இல் இலண்டன் வேந்தியக் கழகத்தின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1918 இல் வேந்திய வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம் இவருக்கு வழங்கப்பட்டது.

தீநாக்குகளின் கணக்கெடுப்பு

1917 இல் ஜான் எவர்செட்டும் மேரி எவர்செட்டும் இணைந்து ஒரு நீண்ட ஆய்வறிக்கையை வெளியிட்டனர். 1890 முதல் 1914 வரை கென்லியிலும் கொடைக்கானலிலும் பதிவான ஏறத்தாழ 60,000 தீநாக்குகளை இது ஆராய்கிறது. தீநாக்குகள் சூரியனின் எந்த அகலாங்குகளில் மிகுகின்றன, அம்மண்டலங்கள் சுழற்சியின் போக்கில் எவ்வாறு இடம் பெயர்கின்றன என்பன இதில் ஆராயப்பட்டன. கணினி இல்லாத காலத்தில் இது பெரும் உழைப்பு.

கொடைக்கானல் பதிவுகளில் கிழக்கு விளிம்புத் தீநாக்குகள் மேற்கு விளிம்பை விடச் சற்று மிகுதியாக இருந்தன. சூரியன் சுழல்வதால் கிழக்கில் தோன்றுவது யாவும் பின்னர் மேற்கில் மறையும். ஆகவே இரண்டும் சமமாக இருக்க வேண்டும். இச்சிறிய வேறுபாடு தற்செயலா? 60,000 முறை நாணயம் சுண்டினால் தலை விழும் சதவீதத்தின் திட்டவிலக்கம் சுமார் 0.2 தான். அப்படியானால் 1 சதவீத வேறுபாடு கூடத் தற்செயல் அன்று என்றாகிறது. ஆனால் இக்கணக்கு ஒவ்வொரு பதிவும் தனித்தது என்று கொள்கிறது. ஒரே தீநாக்கு அடுத்தடுத்த நாட்களிலும் விளிம்பில் தெரிந்து மீண்டும் எண்ணப்படும்போது, 60,000 பதிவுகள் 60,000 சான்றுகளாகா. தவிர, இம்மாதிரி எப்போதும் பூமியிலிருந்து தெரியும் பாதியிலிருந்தே எடுக்கப்பட்டது. 1907 இல் இங்கிலாந்தின் ஆனி மாண்டர் சூரியப் புள்ளிகளிலும் இத்தகைய கிழக்கு மிகுதியைக் காட்டியிருந்தார். பூமி சூரியனின் மேல் ஏதோ செல்வாக்குச் செலுத்துகிறதோ என்ற ஐயம் எவர்செட்டுக்கு எழ இவை இடமளித்தன.

பூமி விளைவும் ஐன்ஸ்டைனும்

அவ்வையம் வேறொரு அளவீட்டில் அவரை நெடுந்தூரம் கொண்டு சென்றது. சூரிய விளிம்பில் நிறமாலைக் கோடுகள் வட்டின் நடுவில் இருப்பதை விடச் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. வாயு அழுத்தமே காரணம் எனப் பலர் கருதினர். எவர்செட்டும் தாமஸ் ராய்ட்ஸும் அளவீடுகளைக் கொண்டு இதனை மறுத்தனர். இதில் அவர்கள் கூறியது சரியே. அழுத்தம் இல்லையெனில் இயக்கம்தான் காரணம் என்றால், சூரிய விளிம்பின் எல்லாப் பக்கமும் வாயு பூமியை விட்டு விலகிச் செல்ல வேண்டும். பூமி வாயுவை விலக்குகிறது என்ற இக்கருத்து பூமி விளைவு எனப்பட்டது.

இதனைச் சோதிக்க எவர்செட் வகுத்த வழி அழகானது. சூரியனின் மறுபக்கத்தை நாம் பார்க்க முடியாது. ஆனால் வெள்ளிக் கோள் பார்க்கும். வெள்ளியிலிருந்து எதிரொளித்து வரும் ஒளியின் நிறமாலையை அளந்தால், பூமியை நோக்காத சூரியப் பகுதியில் நகர்வு உண்டா எனத் தெரியும். மாதிரியின் ஒருபக்கச் சார்பை நீக்கும் முயற்சி இது. 1918 வாக்கில் எடுத்த தட்டுகளில் வெள்ளியின் ஒளியில் நகர்வு குறைவாகவே காணப்பட்டது. பூமி விளைவு மெய்யென்றே தோன்றியது.

பிழைகள் இரண்டு வகைப்படும். ஒரு முறை கூடவும் மறுமுறை குறையவும் விழும் சமவாய்ப்புப் பிழை, அளவீடுகள் பெருகப் பெருகக் குறையும். நூறு தட்டுகளின் சராசரியில் அது பத்தில் ஒன்றாகிவிடும். எப்போதும் ஒரே பக்கம் சாயும் முறைசார் பிழை எத்தனை தட்டுகள் எடுத்தாலும் குறையாது. பின்னர் செயின்ட் ஜானும் நிக்கல்சனும் வெள்ளியை மீண்டும் அளந்து, அந்நகர்வு பூமியின் காற்று மண்டலத்தில் ஒளி பிரிவதாலும் கோளின் படிமம் பிளவின் மேல் சமமாக விழாததாலும் நேர்வது எனக் காட்டினர். எவர்செட்டின் அளவீட்டுத் திறமையில் குறை இல்லை. குறை தட்டுகளின் எண்ணிக்கையில் தீரக்கூடியதும் அன்று.

மறுபுறம், ஈர்ப்பினால் சூரிய ஒளி பத்து இலட்சத்தில் 2.12 பங்கு சிவப்புப் பக்கம் நகரும் என ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கோட்பாடு கணித்திருந்தது. இது விநாடிக்கு ஏறத்தாழ 0.63 கிலோமீட்டர் வேகத்தால் உண்டாகும் நகர்வுக்குச் சமம். தொடக்கத்தில் ஐயம் கொண்டிருந்த எவர்செட், தமது அளவீடுகள் இதனோடு ஒத்து வருவதைக் கண்டு பூமி விளைவை விட்டு ஐன்ஸ்டைன் விளைவை ஏற்றார். வட்டின் நடுவில் நகர்வு எதிர்பார்த்ததை விடக் குறைவாக இருப்பதற்குச் சூரியப் பரப்பில் மேலெழும் வாயுக்களே காரணம் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

ஒளி சூரியனருகே வளைவதை அளக்க 1922 இல் ஆஸ்திரேலியாவின் வால்லல் சென்ற எவர்செட்டின் குழுவுக்குக் கருவிக் கோளாறால் அளவீடு கைகூடவில்லை. அதே இடத்தில் அமெரிக்கக் குழு வெற்றி பெற்றது.

பிற்காலம்

1923 இல் எவர்செட் ஓய்வு பெற்றார். ராய்ட்ஸ் இயக்குநரானார். முன்னாள் இயக்குநர் மிக்கி ஸ்மித் ஓய்வுக்குப் பின்னும் கொடைக்கானலிலேயே தங்கி 1922 இல் அங்கேயே காலமானார். எவர்செட் தம்பதியர் இங்கிலாந்து திரும்பினர். சர்ரேயில் உள்ள யூஹர்ஸ்ட் என்னும் ஊரில் மீண்டும் ஒரு சொந்த ஆய்வகம் அமைத்து, திரவம் நிரப்பிய பெரிய முப்பட்டகங்களைக் கொண்டு முதுமையிலும் சூரிய நிறமாலையை அளந்து வந்தார். மேரி எவர்செட் 1949 இல் காலமானார். ஜான் எவர்செட் 1956 இல் தமது 92 ஆம் வயதில் காலமானார்.

நிலவின் மறுபக்கத்தில் உள்ள ஒரு பள்ளத்துக்கு எவர்செட் எனப் பெயரிடப்பட்டுள்ளது. எவர்செட் விளைவின் நூற்றாண்டையொட்டி 2008 இல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல் தலை வெளியிட்டது. கொடைக்கானல் ஆய்வகம் இன்று இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. எவர்செட் காலத்துக் கண்ணாடித் தட்டுகள் உட்பட நூறாண்டுக்கும் மேற்பட்ட சூரியப் படங்கள் எண்முறைக்கு மாற்றப்பட்டு, சூரியச் சுழற்சியை ஆராய்வோருக்குப் பயன்பட்டு வருகின்றன.